பத்து லட்சத்தில் 84 பங்கு: போரூக்கியும் கெப்லரும்

வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடிய கெப்லர் விண்வெளித் தொலைநோக்கியின் கதையை யார் சொன்னாலும் ஓரிடத்தில் குரல் உயரும். வில்லியம் போரூக்கி நாசாவிடம் நான்கு முறை திட்டம் கொடுத்தார், நான்கு முறையும் தள்ளுபடி செய்தார்கள், மனிதர் விடவில்லை, ஐந்தாவது முறை வென்றார் என்பார்கள். நடந்தது அதுதான். ஆனால் வெறும் விடாமுயற்சிக் கதையாகப் படித்தால் அவர் உண்மையில் என்ன வேலை செய்தார் என்பது தெரியாமலே போய்விடும். தள்ளுபடி செய்தவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் எழுதினார்கள். நான்கு காரணங்களும் சரியானவை. அவற்றுக்குப் பதில் தேடித் தேடித்தான் அந்தக் கருவியே உருவானது. பூமியிலிருந்து யாராலும் சோதித்துப் பார்க்க முடியாத இன்னொரு கேள்வியும் இருந்தது. அதற்கான பதில் கெப்லர் மேலே போன பிறகுதான் கிடைத்தது. அது சாதகமான பதில் அல்ல.

கணக்கைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஒரு கோள் தன் விண்மீனுக்கும் நமக்கும் நடுவே குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி கொஞ்சம் மங்கும். இதைக் கடப்பு என்கிறோம். எவ்வளவு மங்கும் என்பது இரண்டின் வட்டப் பரப்புகளின் விகிதம். சூரியனின் ஆரம் பூமியினுடையதைப் போல 109 மடங்கு. 109-ஐ வர்க்கப்படுத்தினால் கிட்டத்தட்ட 11,900. ஆக, பூமி சூரியனைக் கடக்கும்போது ஒளி 11,900-இல் ஒரு பங்கு குறையும், அதாவது பத்து லட்சத்தில் 84 பங்கு. குடிநீரின் டிடிஎஸ் அளக்கும் அதே பிபிஎம் கணக்கில் 84 பிபிஎம். வியாழன் கடந்தால் ஒரு சதவீதம் குறையும், அதாவது 10,000 பிபிஎம். வியாழனைத் தேடுவதற்கும் பூமியைத் தேடுவதற்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது.

இந்த மங்கல் அதிகபட்சம் 13 மணி நேரம் நீடிக்கும். பிறகு அடுத்த கடப்புக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதுவும் கோளின் சுற்றுப்பாதை நம் பார்வைக் கோட்டில் சரியாக அமைந்திருந்தால்தான். பூமி-சூரியன் அளவுள்ள ஓர் அமைப்பு அப்படி அமைவதற்கான வாய்ப்பு 215-இல் ஒன்று. எல்லா விண்மீனுக்கும் ஒரு பூமி உண்டு என்றே வைத்துக்கொண்டாலும் 1 லட்சம் விண்மீன்களைப் பார்த்தால் சுமார் 465-இல்தான் கடப்பு தெரியும். ஒரு மங்கல் வேறு எதனாலும் வரலாம். இரண்டு கிடைத்தால் சுற்றுக்காலத்தை ஊகிக்கலாம். மூன்றாவது, ஊகித்த நாளில் சரியாக வந்தால்தான் பேச்சு. ஆகவே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட விண்மீன்கள், ஒரே நேரத்தில், மூன்று வருடங்களுக்கு மேல், கண் இமைக்காமல்.

1939-இல் பிறந்த போரூக்கி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதுகலை முடித்து 1962-இல் கலிஃபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்ஸ் மையத்தில் சேர்ந்தார். அப்பல்லோ கலங்கள் பூமிக்குத் திரும்பும்போது தாங்க வேண்டிய வெப்பம் பற்றிய ஆய்வு அவருடைய முதல் வேலை. வெப்பக்கவசத்தின் முன்னால் உருவாகும் அதிர்ச்சி அலை வெளிவிடும் ஒளியை அளப்பதற்கான கருவிகள் செய்தார். பிறகு பல வருடங்கள் மின்னலை ஆராய்ந்தார், மற்றக் கோள்களின் வளிமண்டலத்தில் மின்னல் உண்டா என்பது வரைக்கும். முனைவர் பட்டம் அவர் கடைசிவரை வாங்கவில்லை. இந்தப் பின்னணியைச் சும்மா சொல்லவில்லை. விண்மீன்களைப் பற்றிக் கேள்வி கேட்டு வளர்ந்தவர் அல்ல அவர். ஒளியை அளக்கும் கருவியில் பிழை எங்கே புகுகிறது என்று கேட்டு வளர்ந்தவர். கெப்லருக்குத் தேவைப்பட்டது இரண்டாவது வகை ஆள்தான் என்பது என் எண்ணம்.

கடப்பை வைத்துக் கோள் தேடலாம் என்பதை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஃபிராங்க் ரோசன்பிளாட் 1971-இலேயே அப்படி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். போரூக்கியும் ஆட்ரி சம்மர்ஸும் 1984-இல் செய்தது என்னவென்றால், எந்தத் துல்லியம் எங்கே கிடைக்கும் என்று கணக்குப் போட்டது. தரையிலிருந்து பார்த்தால் காற்றின் அலைச்சலே ஒளியை ஆயிரம் பிபிஎம் அளவுக்கு ஆட்டிவிடும். வியாழன் அளவுக் கோளை அதிலும் பிடிக்கலாம். பூமி அளவென்றால் வளிமண்டலத்துக்கு வெளியே போகாமல் முடியாது. அப்போது சூரியன் போன்ற வேறொரு விண்மீனுக்கு ஒரு கோள்கூடக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட முதல் கோளான 51 பெகாசி பி கிடைத்தது 1995-இல். ஒரு கடப்பு முதன்முதலில் பார்க்கப்பட்டது 1999-இல்.

அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்தோடு சேர்ந்து சிலிக்கான் ஃபோட்டோடயோடு ஒளிமானிகளைச் செய்து பார்த்தார்கள். துல்லியம் இருந்தது, ஆனால் வெப்ப இரைச்சலை, அதாவது வெப்பத்தால் அளவில் புகும் பொய்யான ஏற்ற இறக்கத்தை, அடக்க அவற்றைத் திரவ நைட்ரஜன் அளவுக்குக் குளிர்விக்க வேண்டியிருந்தது. ஒரு விண்மீனுக்கு ஒரு டயோடு என்றால் ஆயிரக்கணக்கில் வைத்து எப்படிக் குளிர்விப்பது? இந்த நிலையில்தான் 1992-இல் முதல் திட்டம் போனது. அப்போது அதன் பெயர் ஃப்ரெசிப். அறிவியல் நன்று, ஆனால் இந்த இரைச்சல் அளவில் வேலை செய்யும் உணரி இல்லை என்று பதில் வந்தது. தவறா? இல்லை.

அடுத்து சிசிடிக்கு மாறினார்கள், பல பிக்சல்களில் ஒளியைப் படமாகப் பதியும் சிலிக்கான் சில்லு அது. 1994-இல் மறுபடி கொடுத்தபோது, இது விண்வெளித் தொலைநோக்கி, ஹப்பிள் அளவுக்குச் செலவாகும், குறைந்த செலவுக் கலங்களுக்கான நாசாவின் டிஸ்கவரி திட்டத்தின் வரம்புக்குள் அடங்காது என்றார்கள். சிசிடி போதுமான துல்லியம் தரும் என்பதை இதற்கிடையில் ஆய்வகத்தில் நிரூபித்தாகிவிட்டது. விண்மீனின் பிம்பம் பிக்சலில் நகர்வதைக் கணக்கில் எடுத்துத் திருத்தினால் 10 பிபிஎம் வரை போக முடிந்தது. செலவைக் குறைக்க 1996-இல் பாதையை மாற்றினார்கள். சூரியனைச் சுற்றும் பாதையில் பூமிக்குப் பின்னால் விட்டுவிட்டால் அங்கே போய்ச் சேர உந்து எஞ்சின் வேண்டாம். பெயரும் அப்போதுதான் மாறியது. குழுவில் இருந்த கார்ல் சேகன், ஜில் டார்ட்டர், டேவிட் கோக் ஆகியோர் வற்புறுத்தியதால் கெப்லர் என்று வைத்தார்கள். ஃப்ரெசிப் என்ற பெயரோடு அது மேலே போயிருந்தால் எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்களோ.

1996-இன் பதில்: ஆயிரக்கணக்கான விண்மீன்களை ஒரே நேரத்தில் தானியங்கியாக ஒளி அளந்ததாக எவரும் காட்டியதில்லை, நீங்கள் லட்சம் என்கிறீர்கள். அதற்காக லிக் வானாய்வகத்தில் வல்கன் என்ற கருவியை நிறுவினார்கள். வெறும் 10 செ.மீ. திறப்புள்ள லென்ஸ், பின்னால் ஒரு சிசிடி. ஆயிரக்கணக்கான விண்மீன்களின் ஒளிர்வை இரவிரவாக அளந்து, கணினியே அலசும். 1998-இல் மறுபடி போனார்கள். இந்த முறை வந்த எதிர்ப்புதான் எல்லாவற்றிலும் கடினம். தனித்தனியாக ஒவ்வொரு பாகமும் வேலை செய்கிறது, சரி. கலம் நடுங்கும், வெப்பம் ஏறி இறங்கும், காஸ்மிக் கதிர்கள் தாக்கும். இத்தனையும் சேர்ந்திருக்கும்போது 84 பிபிஎம் தெரியுமா என்று கேட்டார்கள்.

அதற்கு அவர்கள் கட்டிய சோதனை மேடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓர் உலோகத் தகட்டில் நுண்ணிய துளைகள் போட்டுப் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சினால் செயற்கை விண்மீன் களம் தயார். எதிரே சிசிடி. கலத்தின் நடுக்கத்தைப் போலவே பிம்பத்தை அசைக்கவும் ஏற்பாடு உண்டு. சிக்கல் கடப்பை எப்படிச் செய்வது என்பதில். ஒரு துளையின் ஒளியைச் சரியாகப் பத்து லட்சத்தில் 84 பங்கு மட்டும் குறைத்துத் திரும்ப ஏற்ற வேண்டும். எந்தத் திரையை நகர்த்தினாலும் அதைவிடப் பல மடங்கு மாறிவிடும். சில துளைகளுக்குக் குறுக்கே மெல்லிய கம்பிகளை வைத்தார்கள். கம்பியில் சிறிது மின்சாரம் விட்டால் அது சூடாகித் துளியளவு பருக்கும், அந்தப் பருமன் மறைக்கும் ஒளிதான் 'பூமி'. மின்சாரத்தை நிறுத்தினால் கடப்பு முடிந்தது. இத்தனை இரைச்சலையும் சேர்த்து ஓட்டி, அந்தப் பூமிகளை மென்பொருள் மீட்டெடுத்துக் காட்டியது. 2000-இல் ஐந்தாவது விண்ணப்பம், 2001 டிசம்பரில் தேர்வு. 1992-இல் ஒப்புதல் கிடைத்திருந்தால் அன்றைய வடிவமைப்பு விண்வெளியில் தோற்றிருக்கும் என்றே நினைக்கிறேன்.

2009 மார்ச்சில் டெல்டா-2 ராக்கெட்டில் கெப்லர் ஏறியது. 0.95 மீட்டர் திறப்பு, 1.4 மீட்டர் முதன்மைக் கண்ணாடி, 42 சிசிடிகள், மொத்தம் 9.5 கோடி பிக்சல்கள். நூறு சதுர பாகைக்கு மேல் விரியும் ஒரே களம், சிக்னஸ், லைரா விண்மீன் குழுக்களின் பக்கம். சுமார் 1.5 லட்சம் விண்மீன்கள். வான்படக் கேமராவாக இதை நினைத்தால் எல்லாமே தலைகீழாகத் தோன்றும். பிம்பம் கூர்மையாக விழக்கூடாது என்று வேண்டுமென்றே பரப்பினார்கள், ஒளி பல பிக்சல்களில் விழுந்தால் ஒரு பிக்சலின் குறை சராசரியில் அடங்கும். ஷட்டர் கிடையாது, நகரும் பாகம் பழுதாகும். 6 விநாடி வெளிப்பாடுகள் 270-ஐக் கூட்டி 29.4 நிமிடத்துக்கு ஓர் அளவு. முழுப் படத்தையும் அனுப்புமளவுக்கு வானொலி இணைப்பு இல்லாததால், தேர்ந்த விண்மீன்களைச் சுற்றியுள்ள பிக்சல்களை மட்டும் சேமித்து மாதமொரு முறை இறக்கினார்கள். சூரியத் தகடுகள் வெயிலைப் பார்க்க வேண்டுமே, அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கலம் 90 பாகை உருளும். அப்போது ஒவ்வொரு விண்மீனும் வேறொரு சிசிடிக்கு இடம் மாறும். இந்தக் கடைசி விவரம் பின்னால் வந்து கடிக்கும்.

துல்லியத்துக்கான பட்ஜெட் இப்படி இருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலான, 12-ஆம் ஒளியளவுள்ள ஒரு விண்மீன், 13 மணியில் பாதியான 6.5 மணி நேரம். அந்த நேரத்தில் சேரும் எலெக்ட்ரான்கள் சுமார் 500 கோடி. எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் இயற்கையான ஏற்ற இறக்கம், ஆகவே இதில் 14 பிபிஎம் இரைச்சல், அதை எந்தப் பொறியாளராலும் தவிர்க்க முடியாது. கருவிக்கு 10. விண்மீனின் சொந்த ஆட்டத்துக்கு, அதாவது அதன் ஒளியே தானாக ஏறி இறங்குவதற்கு, 10. மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 20. 84-ஐ 20-ஆல் வகுத்தால் ஒரு கடப்புக்கு இரைச்சலைப் போல 4.2 மடங்கு சிக்னல். மூன்று கடப்புகள் சேர்ந்தால் 4.2-ஐ 3-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி 7.3. கண்டறியும் வரம்பு 7.1. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட விண்மீன்களில் சாத்தியமான எல்லாச் சுற்றுக்காலங்களையும் கணினி சோதிக்கும்போது தற்செயலாக ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது என்பதற்காக வைத்த வரம்பு அது. திட்டத்தின் ஆயுள் 3.5 வருடம் என்று எழுதியது இந்த மூன்று கடப்புகளை நம்பித்தான். எவ்வளவு ஒட்டிப் போட்ட கணக்கு பாருங்கள்.

கலம் நன்றாகவே வேலை செய்தது. ஏற்கெனவே தெரிந்த ஹேட்-பி-7பி என்ற கோளைப் பார்த்ததில், அது விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது ஏற்படும் நூற்றுச் சொச்சம் பிபிஎம் குறைவுகூடப் பதிவானது. பூமி அளவுக்கு அதிகம் தள்ளியில்லாத சிக்னல். கெப்லர்-10பி என்ற பாறைக் கோள் 2011 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அந்த வருடமே ரொனால்ட் கில்லிலேண்டும் மற்றவர்களும் இரைச்சலைப் பிரித்துப் பார்த்தார்கள். மொத்தம் 20 வர வேண்டிய இடத்தில் 30-ஐ ஒட்டி இருந்தது. கருவியில் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பெரும்பங்கு விண்மீன்களிடமிருந்தே வந்தது. விண்மீனின் ஆட்டத்துக்கு 10 ஒதுக்கியது சூரியனைப் பார்த்து. அவ்வளவு துல்லியமாக நீண்ட காலம் அளக்கப்பட்டிருந்தது சூரியன் மட்டும்தான். கெப்லர் பார்த்த சூரியன் போன்ற விண்மீன்களில் பெரும்பாலானவை சூரியனைவிட அதிகம் ஆடின, சராசரியில் 20-ஐ ஒட்டி. பூமியிலிருந்து சோதிக்க முடியாத கேள்வி என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

அதே கணக்கை மறுபடி போடுங்கள். 84-ஐ 30-ஆல் வகுத்தால் 2.8. 7.1 எட்ட ஆறரைக் கடப்புகள், அதாவது ஏழு. ஏழு கடப்பென்றால் ஏழு வருடம். 2012-இல் கெப்லருக்கு நீட்டிப்பு கேட்டு வாங்கினார்கள். அது பேராசை அல்ல, மூல நோக்கத்தை நிறைவேற்றவே அவ்வளவு காலம் தேவைப்பட்டது. அதே வருடம் ஜூலையில், கலத்தின் நோக்கைப் பிடித்து வைத்திருந்த நான்கு ரியாக்‌ஷன் வீல்களில் ஒன்று நின்றது. மூன்று இருந்தால் போதும். 2013 மே மாதம் இன்னொன்று போனது. கைவசம் இருந்தது நான்கு வருடத் தரவு. நான்கு கடப்புகளுக்கு 2.8-ஐ இரண்டால் பெருக்கினால் 5.6. சராசரி ஆட்டமுள்ள சூரியன் போன்ற விண்மீனைச் சுற்றும் அசல் பூமி, கெப்லரின் வலையில் விழாது. அமைதியான விண்மீனோ, பூமியைவிடப் பெரிய கோளோ, சுற்றுக்காலம் குறைந்த கோளோதான் விழும்.

மிஞ்சிய இரண்டு வீல்களோடு, சூரிய ஒளியின் அழுத்தத்தையே மூன்றாவது பிடிமானமாக வைத்து கே2 என்று 2018 அக்டோபர் வரை ஓட்டியது அருமையான பொறியியல். ஆனால் ஒரு களத்தை 80 நாள்தான் பார்க்க முடியும். வருடச் சுற்றுக்கோள்களுக்கு அது உதவாது. சிறிய, மங்கலான செங்குறு விண்மீன்களுக்கு உதவியது, அவற்றை நெருங்கிச் சுற்றும் கோள்கள் சில வாரங்களிலேயே ஒரு சுற்றை முடித்துவிடும். கே2-18பி அப்படிக் கிடைத்ததுதான்.

இப்போது 'வாழத் தகுந்த' என்ற அடைமொழியோடு செய்தியில் வந்த பெயர்களைப் பார்ப்போம். கெப்லர்-22பி, 2011, பூமியைப் போல 2.4 மடங்கு ஆரம், 290 நாள். கெப்லர்-62எஃப், 2013, 1.4 மடங்கு, 267 நாள். கெப்லர்-186எஃப், 2014, 1.2 மடங்குக்குள், 130 நாள். கெப்லர்-452பி, 2015, 1.6 மடங்கு, 385 நாள். இவற்றைப் பற்றி நேரடியாக அளந்தது இரண்டே: சுற்றுக்காலம், மங்கலின் ஆழம். ஆரம் என்பது விண்மீனின் ஆரத்தால் பெருக்கி வருவது. கெப்லர் தொடங்கிய காலத்தில் விண்மீன்களின் ஆரமே பல நேரம் 40 சதவீதம் வரை பிழையோடுதான் தெரிந்தது. 2018-இல் கையா கலத்தின் தூர அளவுகள் வந்த பிறகு பல கோள்கள் ஒரே நாளில் பருத்தன, சில வாழ்தகு மண்டலத்தைவிட்டே வெளியேறின. நிறை தெரியாது, கோள் தன் ஈர்ப்பால் விண்மீனை ஆட்டும் வேகத்திலிருந்துதான் அதைக் கணக்கிட வேண்டும். பூமி சூரியனை ஆட்டும் வேகம் விநாடிக்கு 9 செ.மீ., கெப்லர் பார்த்த மங்கலான விண்மீன்களில் அதை அளக்கக் கருவி இல்லை. 1.6 மடங்குக்கு மேல் ஆரமிருந்தால் பெரும்பாலும் பாறையாக இருக்காது என்பது நிறை தெரிந்த கோள்களிலிருந்து எடுத்த முடிவு. அப்படிப் பார்த்தால் 22பி-யில் கால் வைக்க இடம் இருக்கும் என்று நம்பக் காரணமில்லை. வாழ்தகு மண்டலம் என்பதும், பூமியின் காற்றைப் போன்ற காற்று இருந்தால் மேற்பரப்பில் நீர் திரவமாக நிற்கும் தூரம், அவ்வளவுதான்.

452பி-யின் கதை இன்னும் சிக்கல். கெப்லரின் சில சிசிடிகளின் மின்னணுச் சுற்றில் வெப்பநிலையோடு சேர்ந்து நகரும் ஒரு பட்டை போன்ற இரைச்சல் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கலம் உருளுவதால், ஒரு விண்மீன் அந்த மோசமான சிசிடிக்கு வருடத்துக்கு ஒரு முறை வந்து சேரும். கெப்லரின் வருடம் 372 நாள். ஆகவே 372 நாளை ஒட்டிய சுற்றுக்காலங்களில் போலிச் சிக்னல்கள் குவிந்து கிடந்தன, பூமியைத் தேடுகிற அதே இடத்தில்! 385 நாள் அதற்குப் பக்கத்து வீடு. அந்தச் சிக்னல் கருவியின் இரைச்சலல்ல என்று 99 சதவீத உறுதியோடு சொல்ல முடியாது என்று 2018-இல் கெப்லர் குழுவில் வேலை செய்தவர்களே எழுதினார்கள். மறுப்பு வந்த செய்தி, 'பூமியின் அண்ணன்' என்ற முதல் செய்தி போன தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் போகவில்லை.

ஏமாற்றுபவை வேறு வகையிலும் உண்டு. பின்னணியில் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன் ஒன்று அதே பிக்சலில் விழுந்தால், முன்னால் உள்ள விண்மீனின் ஒளியோடு கலந்து கோளைப் போலவே மங்கும். இதைப் பிடிக்க, மங்கும் நேரத்தில் ஒளியின் மையப்புள்ளி நகர்கிறதா என்று பார்ப்பார்கள். ஒற்றைப்படைக் கடப்புகளும் இரட்டைப்படைக் கடப்புகளும் ஒரே ஆழமா என்று பார்ப்பார்கள், வேறுபட்டால் இரண்டு விண்மீன்கள். 2017-இல் வந்த கடைசிப் பட்டியலில் ஓர் அழகான உத்தி சேர்ந்தது. ஒளி வரைபடங்களைத் தலைகீழாகத் திருப்பி மென்பொருளுக்குக் கொடுத்தார்கள். தலைகீழானால் உண்மைக் கடப்பு ஒன்றும் மங்கலாகத் தெரியாது, அப்போதும் மென்பொருள் 'கோள்' என்று காட்டுவதெல்லாம் போலி. எத்தனை போலி உள்ளே வருகிறது என்று எண்ணிவிடலாம். போலியான கடப்புகளை வேண்டுமென்றே தரவில் செருகி, எத்தனை நழுவுகிறது என்றும் எண்ணினார்கள்.

கெப்லர் ஓய்வுபெறும்போது அதன் பெயரில் 2,600-க்கு மேல் உறுதியான கோள்கள். போரூக்கி 2015-இல் ஓய்வுபெற்றார், அதே வருடம் ஷா பரிசும் கிடைத்தது. ஆனால் 1992-இல் அவர் கேட்டது கோள்களின் எண்ணிக்கையை அல்ல. சூரியன் போன்ற விண்மீன்களில் எத்தனைக்குப் பூமி போன்ற ஒன்று உண்டு என்பதே கேள்வி. ஸ்டீவ் பிரைசனும் குழுவும் 2020-இல் தந்த விடை: விண்மீனுக்கு 0.37 முதல் 0.60 வரை. ஒவ்வொன்றோடும் உள்ள பிழை எல்லையையும் சேர்த்தால் 0.16-இலிருந்து 1.5 வரை நீள்கிறது. வரம்பைத் தாண்டிப் பிடிபட்டவை போதாமல், சிறிய சுற்றுக்காலமும் பெரிய ஆரமும் உள்ள கோள்களிலிருந்து நீட்டித்து எடுத்த எண் என்பதால்தான் இவ்வளவு அகலம்.

அடுத்து ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் பிளாட்டோ, 26 கேமராக்களோடு. கெப்லருடையவற்றைவிடப் பிரகாசமான விண்மீன்களைத் தேர்ந்திருக்கிறார்கள், தரையிலிருந்து நிறையையும் அளக்கலாம் என்பதற்காக. பிரகாசம் கூடினால் அந்த 14 பிபிஎம் குறையும். விண்மீனின் 20 குறையாது. மேலே போட்ட அதே கணக்கில், மற்ற இரைச்சலெல்லாம் பூச்சியம் என்றே வைத்தாலும், சராசரி விண்மீனின் பூமிக்கு மூன்று கடப்புகள் வேண்டும். பிளாட்டோ முதலில் பார்க்கும் களத்தை இரண்டு வருடத்தோடு நிறுத்தினால் இரண்டுதான் கிடைக்கும்.